இரண்டு ஓம் விழுந்த பாட்டுகள்

கண்டிக் கச்சேரி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பைல்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற தவமணிக்கு உலகத்தில் ஒரேயொரு எதிரிதான். அவர் பெயர் மகேந்திரராசா. பேராதனையில் விரிவுரையாளராக இருந்து, மகளோடு கனடாவில் ரொறன்ரோ போய்க் குடியேறியவர். பழைய அகப்பாட்டுகள் நூற்றை ஆங்கில யாப்பில், ஓர் அடிக்கு ஐந்து அழுத்தம் பிசகாமல் கொண்டுவருவதென்று இருவரும் பதினான்கு வருடமாகக் கடிதத்திலேயே சண்டை பிடித்தார்கள்.

ஒருவர் செய்ததை மற்றவர் வாசித்துச் சம்மதமென்றால் கீழே 'ஓம்' என்று எழுதவேண்டும். இருவருடைய ஓமும் விழாத பாட்டுக்குப் புத்தகத்தில் இடமில்லை. மனுசன் லேசில் ஓம் போடுகிற ஆளா? "தங்கச்சி, இந்த அடி நொண்டுது. தலைவி பிரிவாலை அழுகிறாளோ, சங்கக்கடைக் கியூவிலை சண்டை பிடிக்கிறாளோ?" என்று எழுதுவார். தவமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். மேசையில் விரலால் தட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

எண்பத்தேழாவது பாட்டுக்கு ஒரு குறையும் சொல்லாமல் ஓம் வந்தது. அடுத்ததற்கும் வந்தது. முதலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாலாவது ஓமோடு சந்தேகம் தட்டியது.

அடுத்த பாட்டில் வேண்டுமென்றே ஓர் அடியில் ஆறு அழுத்தம் வைத்து அனுப்பினாள். திட்டு வரவேண்டுமென்று கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். மூன்று வாரத்தில் ஓம் வந்தது. தவமணி கதிரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள்.

அவருடைய மகள் லோஜினிக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு அப்பா சத்தியம் வாங்கினவர். இப்ப சிலநேரம் என்னையே ஆரெண்டு கேக்கிறார். உங்கட கடிதம் வந்தா மட்டும் சேட்டு மாத்தி, பட்டனெல்லாம் பூட்டிக்கொண்டு வந்து இருப்பார்."

"வாசிக்கிறவரே, பிள்ளை?"

"கையிலை வச்சிருப்பார்."

இன்னும் ஒன்பது பாட்டு மிச்சம். பாட்டு கிடக்கட்டும், அந்த மனுசனை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? தவமணி அலுமாரியைக் கிண்டிப் பன்னிரண்டாம் பாட்டை எடுத்தாள். அவரே மொழிபெயர்த்தது, நூறிலும் ஆகத் திறமானது. அதற்கு ஓம் போடாமல் ஏழு கடிதம் அவரை இழுத்தடித்தவள் அவள். இப்போது அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுத்து, யார் செய்ததென்று சொல்லாமல் அனுப்பினாள். தன் சொந்த அடியைக் கேட்டாலாவது விழித்துக்கொள்ள மாட்டாரா என்ற நப்பாசை.

பதில் வர ஒரு மாதம் பிடித்தது. வாசலிலேயே பிரித்தாள். ஓம் இல்லை! நின்றபடியே கோணல்மாணலான அந்த எழுத்தை வாசித்தாள்.

"தங்கச்சி, இதை ஆர் செய்தது? வாசிக்க விரல் தன்பாட்டுக்குத் தட்டுது. எனக்கு இப்ப ஒண்டும் பிடிபடுகுதில்லை. வெக்கத்திலைதான் எல்லாத்துக்கும் ஓம் போட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மிச்சத்தை இந்த ஆளோடை சேர்ந்து முடியுங்கோ. அவரின்ரை விலாசம் உங்களிட்டை இருக்குந்தானே?"