மலைப்பக்கம் போன பந்துகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் சீசன் கூட்டம் மலையிறங்கிய பிறகு, நுவரெலியா மைதானம் ஒன்றில் நடந்தது இது. கொழும்பு நிறுவனமொன்று தன் பெண்கள் ஹாக்கி அணிக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தது. தேர்வுக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. சம்பளம் கேட்காத வெளியாள் வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற விளையாட்டு அதிகாரியைத்தான் தேடுவார்கள். போனேன்.

பள்ளி முடித்த ஒரு பிள்ளை பத்து வருடம் தாக்குப்பிடிப்பாளா என்று அரை நாளில் சொல்ல வேண்டும். வேகம், மூச்சு, பந்தை அடக்குவது, அனுப்புவது, குணம் என்று தனித்தனியாகப் புள்ளி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கேயாவது சாப்பாடு போடுவார்கள்.

கினிகத்தேனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருத்தி கோல்காப்பாளர், வாய் ஓயாதவள். மற்றவள் நடுக்களத்தில் ஆடுபவள். எடுபட்டால் மாதச் சம்பளத்தோடு ஹாக்கி, இல்லையென்றால் மறுவாரமே கொழும்பில் துணிக்கடை வேலை, அண்ணன் பேசி வைத்துவிட்டார் என்று காலையில் அவளே சொல்லியிருந்தாள். ஓட்டத்தில் அவளை யாரும் நெருங்க முடியவில்லை. ஆனால் பிறகு நடந்த ஆட்டத்தில் அவள் அனுப்பிய பந்து ஒன்றுகூடச் சேர வேண்டியவளிடம் சேரவில்லை.

"ஏன்டி எல்லாத்தையும் மலைக்கே அனுப்புற? அங்க யாரு நிக்கிறா, கண்டாக்கையாவா?" என்று கோலிலிருந்து தோழி கத்தினாள்.

தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா மட்டையோடு நிற்பதை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு கவனித்தேன். முதல் பாதியில் பந்துகள் இடப்பக்கம் விலகின. பக்கம் மாறி ஆடியபோது வலப்பக்கம் விலகின. இரண்டு முறையும் மலை இருந்த பக்கம்.

ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, தோட்டத்து மைதானம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"சாஞ்சுதான் சேர் இருக்கும். மலைப்பக்கம் மேடு. ஆளப் பாத்து அடிச்சா பந்து கீழ உருண்டு தேயிலைக்குள்ள போயிரும். அடிச்சவங்கதான் போய்த் தேடணும்."

"உள்ள பூரா அட்டை சேர்," என்றாள் தோழி. "அதான் இவ மேட்டப் பாத்தே அடிச்சுப் பழகிட்டா."

கொழும்புப் பயிற்சியாளர் அதற்குள் அவளைக் கழித்துவிட்டிருந்தார். "பழக்கம் சேர், மாத்த மாசக்கணக்காகும். பாஸ் இவ்வளவு மோசம்னா விதிப்படி எடுக்க ஏலாது."

"விதிப்படியே போவோம் தம்பி. புது மைதானத்துக்குப் பழக நேரம் குடுக்கணும்னு அதே விதியில இருக்கு. குடுத்தோமா?"

"அதையெல்லாம் யாரும் வாசிக்கிறதில்லையே சேர்."

"அதுக்குத்தானே என்னயக் கூப்பிட்டிருக்கீங்க."

அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். தேநீர் இடைவேளையை அவளுக்குக் கொடுத்தார். "இது சமதரை, ஆளப் பாத்தே அடி" என்றேன். நான் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான். தோழி கவசங்களோடு ஆடி ஆடி நடந்து போய் எதிரே நின்றாள். முதல் பந்து மலைக்கே போனது. "கண்டாக்கையா, புடிங்க," என்றாள் தோழி. அடுத்தது கொஞ்சம் குறைவாக விலகியது. அதற்கடுத்தது தோழியின் கால் கவசத்தில் வந்து மோதியது. பிறகு வந்தவையெல்லாம் அங்கேயே மோதின. பயிற்சியாளர் கையிலிருந்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

அவளை எடுத்தார்கள். மாதக்கணக்காகும் என்றதை ஓர் இடைவேளைக்குள் மாற்றிக்கொள்கிறவள் எந்த மைதானத்திலும் பிழைத்துக்கொள்வாள் என்று பயிற்சியாளரே எழுதினார். தோழிக்கு இடம் கிடைக்கவில்லை. "பரவாயில்ல சேர், துணிக்கடையில ஒரு எடம் காலியாயிருச்சே, அவ அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, எடுபட்டும் அழுதுகொண்டிருந்தவளை அவள்தான் தேற்றினாள்.

இப்போதெல்லாம் யாராவது திரும்பத் திரும்பத் தவறினால், எத்தனை முறை என்று எண்ணுவதற்கு முன், இவர் எந்தச் சரிவில் நின்று பழகியவரோ என்று கேட்கத் தோன்றுகிறது.