கிம்பல் பிடித்த கை

எங்கள் தொழிலில் படம் எடுப்பது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் கேமராவைச் சாயாமல் நிறுத்தப் போராடுவதுதான். கிம்பல் தூக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிடித்த கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும், மோட்டார் வைத்த கைப்பிடி அது.

பாறசாலையில் என் கணவர் வைத்திருந்த ஸ்டூடியோவை இப்போது மருமகள் ஷீபா நடத்துகிறாள். அவர் போன பிறகு வீட்டில் எந்த நாற்காலியிலும் என்னால் நிலைத்து உட்கார முடியவில்லை. அவளோடு கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டேன். வலது கையில் நடுக்கம் தொடங்கியபோது ஷீபா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "படத்தில ஆட்டம் தெரிஞ்சா, பின்ன கிம்பல் என் கையிலாக்கும் மாமி."

துலாபாரம்

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண வீடு. கிம்பலை முதலில் மோட்டார் போடாமல் சமன் செய்ய வேண்டும். லென்ஸ் கவிழ்ந்தால் கேமராவைப் பின்னால் நகர்த்த வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் தள்ள வேண்டும். விட்ட இடத்தில் அப்படியே நின்றால்தான் திருகாணியை இறுக்கலாம். நிற்கிற நேரம் பார்த்து என் விரல் நடுங்கும், நூலளவு நகரும், மறுபடி முதலிலிருந்து. நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பெண்ணின் பெரியப்பா வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, துலாபாரம் முடிஞ்சா சொல்லுங்க. தாலி கெட்டணும்."

மேலே உள்ளவர்

காஞ்சிரங்குளத்தில் தேவாலயக் கல்யாணம். பெண் உள்ளே வரும் அவசரத்தில் சின்ன லென்ஸை மாற்றி மாட்டினேன். திரும்பச் சமன் செய்யப் பொறுமை இல்லை. நீங்களும் செய்திருப்பீர்கள். பின்பக்கம் கனத்துப்போய், மோட்டார் வண்டுபோல் இரைந்தது, கிம்பல் உதறியது, கேமரா கூரையை அண்ணாந்து பார்த்தது. பெண்ணைக் கைப்பிடித்து வந்த அப்பா நடையை நிறுத்தாமலே முணுமுணுத்தார்: "மேல உள்ளவரு ஆல்பத்தில வேண்டாம், எங்கள எடுங்க."

மோட்டார்தான் உதறியது என்று ஷீபாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். "மோட்டாரா, கையா? உள்ளதச் சொல்லுங்க மாமி."

பூவார் ரிசார்ட்டு

பொழியூர்க் கடற்கரையில் ஸ்டெல்லா என்பவளின் வீட்டு மதிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை அடித்தால் தரை அதிர்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் நம்பவில்லை. அவன் கண்ணால் பார்த்து, வேறு வீட்டுக்கு மாறச் சம்மதிக்க வேண்டும் என்றுதான் எங்களை அழைத்திருந்தாள்.

கிம்பலைப் பிடித்து முற்றத்திலிருந்து அடுக்களை வரை நடந்தேன். அத்தனை வழுவழுப்பாக நான் படம் எடுத்ததே இல்லை. சுவரில் வெயில், ஜன்னலில் நீலம். ஸ்டெல்லா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்: "அக்கா, இது பூவார் ரிசார்ட்டு மாதிரியில்லா இருக்கு! இதப் பாத்தா மாறச் சொல்ல மாட்டான். மேல ஒரு மாடி கெட்டச் சொல்லுவான்."

கடலும் நானும்

கிம்பலைக் கழற்றி வைத்துவிட்டுக் கேமராவை வெறுங்கையில் எடுத்தேன். படம் ஆடியது, நன்றாகவே. ஸ்டெல்லாவுக்குத் திருப்தி. ஷீபா மட்டும் திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்: "இதில கடல் ஆட்டுனது எது, மாமி ஆட்டுனது எது?"

எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவன் அதைப் பார்த்துத்தான் வீட்டை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறான். கேமராவை அடுக்களை மேடையில் வைத்து, நிறைகுடத்துக்கும் அடுக்கிய தட்டுகளுக்கும் நேரே திருப்பிவிட்டு, கைகளை மடியில் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அலை மோதியது. தட்டுகள் கலகலத்தன, குடத்து நீர் வளையம் வளையமாக விரிந்தது. மறுபடியும் அலை. ஸ்டெல்லா கேமராவைப் பார்த்து மகனிடமே பேசினாள்: "பாருலே மக்கா."

புறப்படும்போது ஷீபா கிம்பலைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறிய பிறகு சொன்னாள்: "வாற ஞாயிறு பூவாரில ஒரு ஞானஸ்நானம் உண்டு. மாமி ஸ்டாண்டு கொண்டு வந்தாப் போதும்."

ஸ்டாண்டுக்கு மூன்று கால், ஒன்றும் நடுங்குவதில்லை. அதன் பக்கத்தில் சும்மா நிற்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.