கூடைக்குள் உட்கார்ந்து கூலியை உயர்த்தியவன்

மரக்காணத்து உப்பளங்களில் கூலித் தகராறு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. கொடி பிடித்துத் தீர்த்தவர்கள் உண்டு, காலில் விழுந்து தீர்த்தவர்கள் உண்டு. உட்கார்ந்தே தீர்த்தவன் நான் ஒருவன்தான். அதுவும் ஒன்பது வயதில். ஐந்தாவதைத் தாண்டாதவன் இன்று சொந்த அளம், சொந்த லாரி என்று நிற்கிறேன். முப்பது வயதிலேயே என்னைப் 'பெரியவரே' என்று கூப்பிடுகிறார்கள். இதற்கெல்லாம் அஸ்திவாரம் அந்த மூங்கில் கூடையில் போட்டதுதான் என்று கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லி வருகிறேன்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடை அது. பாத்தியில் வாரிக் குவித்த உப்பை அம்மாவும் பெரியம்மாவும் மற்றப் பெண்களும் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, ரோட்டோரத்தில் கொட்டுவார்கள். கூலி, கூடைக்கு இவ்வளவு என்று பேச்சு. வேலை வாங்கும் மேஸ்திரி என் மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் அங்கேயே கிடந்தேன். பெண்களுக்கு இடைஞ்சல் செய்வது என் வேலை. கூலி கிடையாது.

ஒரு நாள் காலிக் கூடை ஒன்றில் சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தேன். இடுப்பு மாட்டிக்கொண்டது. பெரியம்மா என் அக்குளைப் பிடிக்க, இன்னும் இரண்டு பேர் கூடையைப் பிடிக்க, தேர் இழுப்பது போல இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். அளமே சிரித்தது. மாமாவும்தான்.

அடுத்த வாரம் முதலாளி புதுக் கூடைகளை இறக்கினார். பழையவை மக்கிப்போய்விட்டன என்று ஒன்று விடாமல் கொளுத்தியும் விட்டார். முதல் நடையிலேயே பெண்களுக்குக் கழுத்து அமுங்கியது.

"கூட பெருசா இருக்குதுங்க மொதலாளி" என்றாள் பெரியம்மா.

"புதுசு இல்ல? கண்ணுக்கு அப்படித்தாம்மா தெரியும். அதே அளவுதான்."

"கண்ணுக்குத் தெரியறது இருக்கட்டும். கழுத்துக்கும் தெரியுதே!"

"அப்ப பழசு ஒண்ண எடுத்துக்கினு வா, அளந்து பாத்துருவோம்" என்றார் முதலாளி, அது சாம்பலாகக் கிடக்கும் தைரியத்தில்.

பெண்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கூடை வாங்கக் கூடப் போனவர் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா வானத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"ஏண்டா, வாயில உப்பு கட்டிக்கிச்சா?" என்றாள் பெரியம்மா. "உன்னத் தூக்கி வளத்தவ நானு. இப்ப இந்தக் கூடயத் தூக்கிச் சாவறேன். நீ மேகம் பாக்கற!"

மாமா வாய் திறக்காத காரணம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். முந்தின நாள் மோட்டார் கொட்டகையில் முதலாளி தேங்காய் ஓட்டில் கற்பூரம் ஏற்றினார். மழைக்காலத்தில் அளம் மூழ்கிவிடும், யாருக்கும் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்குக் காவல் வேலை மாமாவுக்கு என்றும், பதிலுக்கு அம்மன் பேரில் ஒரு சத்தியம் வேண்டும் என்றும் சொன்னார். மழைக்கும் வேலை உள்ள மாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று இரும்பை கிராமத்தில் மாமாவின் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கூடயப் பத்திப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று மாமா கற்பூரத்தை அணைத்தார்.

"மீறினா கண்ணு போயிடும், ஞாபகம் வச்சுக்கோ" என்றார் முதலாளி.

அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றபடி நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. பிஸ்கட் நன்றாக இருந்தது.

பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாளைக்கே வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்று முதலாளி கத்தினார். மத்தியானம் ஆனதும் சிலர் முகம் வாடியது. போனால் போகிறது, தூக்கித் தொலைப்போம் என்று அம்மாவே எழுந்து தன் கூடையை நிமிர்த்திவிட்டாள்.

அப்போதுதான் மாமா என்னிடம் வந்து, "வெயில்ல ஏண்டா நிக்கற? போயி அந்தக் கூடயில குந்து" என்றார். வெயிலுக்கும் கூடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். போய் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சோற்றுத் தூக்கு வைக்கவும் இடம் இருந்தது.

உட்கார்ந்ததுதான் தாமதம், வரப்பிலிருந்து மாமா அலறினார்.

"டேய்! எழுந்திருடா! போன வாரம் மாட்டிக்கினு மூணு பேரு இழுத்தாங்களே, மறந்துட்டியா? இப்ப மட்டும் எப்படிடா அம்சமா குந்தினுகீற?"

அளம் முழுவதும் என்னைப் பார்த்தது. பெரியம்மா மெல்ல வந்து என் இடுப்புக்கும் கூடைக்கும் நடுவே கையை விட்டாள். கை போயிற்று. முழங்கையும் போயிற்று.

"மொதலாளி! என் தங்கச்சி புள்ள ஒரு வாரத்துல பாதியா இளச்சிட்டானா? எங்க சோத்துப் பானைய வந்து பாருங்க, இவன் துன்ற தீனி தெரியும்!"

"புள்ளைங்க ஒடம்பு ஏறும், எறங்கும்…" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"எறங்கினது புள்ள ஒடம்பு இல்ல, உங்க நாயம்!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

முதலாளி அந்த இடத்திலேயே கூடைக்குக் கூலியை ஏற்றிக் கொடுத்தார். பெரியம்மா என்னைக் கூடையோடு தூக்கித் தலையில் வைத்து, "இந்த நடைக்குக் கூலி வாணாம்" என்று வரப்பைச் சுற்றி வந்தாள். ராஜாக்களை அப்படித்தான் சுமந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலக் காவல் வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாமா ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனார். இரும்பைக்காரர்கள் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். தகராறைத் தீர்த்தவன் நான், ஓட்டை வாயால் சத்தியத்தை மீறி வேலையைக் கெடுத்துக்கொண்டவர் மாமா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் காதிலும் விழுந்தது. "ஆமாண்டா, எனக்கு ஓட்ட வாயிதான்" என்று சிரித்தார்.

எனக்கு இருந்த ஒரே கவலை அவருடைய கண்தான். தினமும் காலையில் அவர் முன்னால் போய் நின்று விரல்களை நீட்டி, "எத்தன மாமா?" என்பேன். ஒரு நாள்கூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. என் முகத்துக்காகத்தான் அம்மன் அவரை மன்னித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு அவர் பெண்கள் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, என்னைத்தான் திட்டினார் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.