அம்மாவின் காலுக்கு ஒரு எண்ணெய் டின்

எங்கள் வீட்டில் எலியை எலி என்று சொல்ல மாட்டோம். 'அது' என்போம். பேரைச் சொன்னால் அதன் காதில் விழும், வைத்த மருந்தைத் தொடாது, கோபத்தில் நல்ல துணியாகப் பார்த்துக் கடித்துப் போடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. கணபதி என்கிற பகுதியில் நாங்கள் இருக்கும் லைன் வீடு முழுக்க இதே பேச்சுத்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. ஒரு வீட்டில் விரட்டினால் அடுத்த வீட்டில் இறங்கும். பின்னால் மூடியில்லாத சாக்கடை, அதை ஒட்டிக் குப்பை மேடு.

குப்பை வண்டி மெயின் ரோட்டோடு போய்விடும். "ஏனுங்க, சந்துக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போனா ஆகாதுங்களா?" என்று கேட்டால், "வண்டி திரும்பாதுங்க அம்மணி" என்பார்கள். வீட்டுக்காரரிடம் சாக்கடைக்கு மூடி கேட்டால், "போட்டுடலாமுங்க" என்பார். மரியாதைக்கு மட்டும் எங்கள் ஊரில் குறைச்சலே இல்லை. அந்த 'ங்க'வைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதம் இரண்டும் எப்போதோ மரத்துவிட்டன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பாள். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. அம்மா பாயிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். போன வழியெல்லாம் தரையில் சிவப்பாக இருந்தது.

"ஏங்கண்ணு, குங்குமத்தக் கொட்டிப்போட்டயா?" என்று கேட்டாள்.

இடது காலின் பெருவிரல் நுனியை அது தின்றிருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆச்சு என்றார். "கல்லுல இடிச்சுட்டனுங்க" என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து சத்தம் போட்டேன்.

"அது பேரச் சொன்னா ஊட்டக் கூட்டாம கெடக்கறவங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? சேதி ஊட்டுக்காரர் காதுக்குப் போனா, காலி பண்ணுங்கன்னுருவாரு. எங்க போறது கண்ணு?" என்றாள்.

ரத்த வாடைக்கு அது திரும்ப வந்தது. கொஞ்ச நாளில் கட்டே கிழிந்து கிடந்தது, விரல் கறுத்திருந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் நான் முந்திக்கொண்டேன். "எலி கடிச்சதுங்க. போன தடவையும் எலிதானுங்க." டாக்டர் அம்மாவையே பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதே வீட்டுக்குத்தான் திரும்பினோம். எங்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு இதே மாதிரி இன்னொரு சந்துதான் கிடைக்கும். கட்டிலில் படுத்தாலும் அது ஏறும். பேக்கரியில் ஒரு பழைய எண்ணெய் டின் வாங்கி, வாயை வெட்டி, விளிம்பைத் தட்டி மடக்கிக்கொண்டு வந்தேன். படுக்கும்போது டின்னைச் சாய்த்து வைத்து, அம்மாவின் பாதங்களை உள்ளே விட்டு, சுற்றிலும் சாக்கைத் திணிப்பேன். அவளால் புரண்டு படுக்க முடியாது. பெற்ற தாயின் காலைத் தகர டின்னுக்குள் வைத்து அடைக்கிறேன், வேறு வழி தெரியவில்லை.

போன மாதம் வீட்டுக்காரர் வந்தார். அம்மா படுத்திருந்தாள். டின்னைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குங்க?" என்றார்.

"குளுருக்குங்க" என்றாள் அம்மா.

"எலிக்குங்க" என்றேன் நான், வீடு முழுக்கக் கேட்கும்படி. "காலைத் தின்னுபோட்டுதுங்க. சாக்கடைக்கு மூடி எப்பப் போடுவீங்க?"

"போட்டுடலாமுங்க" என்றார்.

அம்மா படுத்தபடியே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மெதுவாப் போடுங்க சாமி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றாள்.