கடலுக்குப் போன சகலை

போன வாரம், உயிரோடு இருக்கும் ஒருவருடைய படத்துக்கு மாலை வாங்கக் கிளம்பினேன்.

நடந்தது இதுதான். நானும் மனைவி சாந்தியும் மூன்று நாள் கொடைக்கானல் டூர் முடித்து, ஞாயிறு மதியம் புதுக்கோட்டை திரும்பினோம். பெட்டியை இறக்கி வைத்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். என் சகலை முருகேசனின் ஸ்டேட்டஸ். சாந்தியின் தங்கை விஜயாவைக் கட்டியவர். திருவரங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். மணமேல்குடிக் கடலில், சட்டை இல்லாமல், நனைந்த வேட்டியோடு நிற்கிறார். கீழே ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் குடும்பங்களில் கடலுக்குப் போவதென்றால் இரண்டே காரணம். அமாவாசைக்குத் திதி கொடுக்க, இல்லையென்றால் அஸ்தி கரைக்க. அன்றைக்கு அமாவாசை இல்லை. முருகேசனின் அப்பாவுக்கோ எண்பது தாண்டிவிட்டது...

எனக்கு முதலில் வந்தது கோபம். சகலைக்குக்கூடச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்களே! சாந்தியைச் சேலை மாற்றச் சொல்லிவிட்டு, மாலை வாங்க வாசலுக்கு வந்தபடியே போன் போட்டேன்.

"என்ன தம்பி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? அப்பாவுக்கு எப்ப ஆச்சு?"

"அப்பாவுக்கு என்னண்ணே? இந்தா, இங்கிட்டுதான் உக்காந்து நண்டைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. குடுக்கவா?"

கொடுத்தும்விட்டார்.

"ஏப்பா, என்னைய அனுப்பியே வச்சுட்டீங்களா?" என்றார் பெரியவர். "சும்மாதான் வந்தோம். ஞாயித்துக்கெழமைல்ல!"

சும்மாவா? கடலுக்கு யாராவது சும்மா போவார்களா?

பெரியவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

என் டூருக்கு நான் ஒரு மாதம் திட்டம் போட்டேன். ஆன்லைனில் ரூம். நேரம் குறித்து ஒரு லிஸ்ட். ஒன்பது மணிக்கு ஏரி, பத்தரைக்குப் பூங்கா, பன்னிரண்டுக்கு வியூ பாயின்ட். அங்கே பனி இருந்தது, வியூ இல்லை. மலைப்பாதை வளைவுகளில் சாந்திக்கு வாந்தி. படகுக்கு வரிசை, டீக்கு வரிசை, பாத்ரூமுக்கும் வரிசை. நான் வாட்சைப் பார்த்துப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன்.

முருகேசன் என்ன செய்தார்? வீட்டில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கரைக்கு வந்த படகில் நண்டு வாங்கினார். சவுக்கு நிழலில் அடுப்பு கூட்டிச் சமைத்தார்கள். எங்கள் கடலில் பெரிய அலை கிடையாது. முட்டியளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். நடந்திருக்கிறார்கள். இருட்டுவதற்கு முன் வீடு. எனக்கும் அதே தூரத்தில் கிடந்த கடல்... இந்த மனுஷன் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாரே!

மறுநாள் விஜயா படங்களை அனுப்பினாள். சாந்தி ஒரே ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயாவும் முருகேசனும் தண்ணீரில் கால் நீட்டி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் எடுத்தது. கடல் சாய்ந்திருந்தது. மூலையில் அவருடைய விரல்.

"இதுல என்ன இருக்கு? பாதித் தலையைக் காணோம்," என்றேன். "கொடைக்கானல்ல நான் ஒன்னைய எத்தனை போட்டோ எடுத்தேன்!"

"எடுத்தீங்க. ஒன்னுலயாச்சும் நீங்க இருக்கீங்களா?"

"எடுக்குற ஆளு எப்படி அதுல இருக்க முடியும்?"

"அதத்தாங்க சொல்றேன். மூணு நாளும் நீங்க எங்கூட இல்ல. எனக்கு முன்னால நடந்துக்கிட்டு இருந்தீங்க."

சுருக்கென்றது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மனைவியை ஊர் ஊராகக் கூட்டிப்போகிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கூட்டிப்போனேன், சரி. கூட இருந்தேனா? முருகேசன் அவ்வளவு சாவகாசமாக மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே — என் வயிற்றெரிச்சல் அதில்தான் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

இந்த ஞாயிறு நாங்களும் மணமேல்குடி போனோம். தண்ணீரில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "ஆவுடையார்கோவில் பக்கந்தான். ஒரு எட்டு பாத்துட்டு..." என்று எழுந்தேன்.

சாந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் அப்படிச் சாய்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்குமா?

"முருகேசன் எம்புட்டு நேரம் இப்படி உக்காந்திருந்தாராம்?"

"ரெண்டு மணி நேரம்னு விஜயா சொன்னா. ஏங்க?"

"சும்மா கேட்டேன்."

நாங்கள் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.