ஓட்டுக்கு மட்டும் கியாரண்டி

எங்கள் வீட்டுக்குச் சீமை ஓடு போடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்தது எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம். அதுவரை எடப்பாடியில் எங்கள் தெருவில் பல வீடுகளைப் போல எங்களுடையதும் பனையோலைக் கூரைதான். அந்த வருஷ ஐப்பசி மழையில் கூரை பொத்துக்கொண்டு, தண்ணீர் நேராகத் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலின்மேல் இறங்கியது. நான் உட்கார்ந்து இழை இழையாகப் பிணைத்த பாவு. கஞ்சி ஊறி, நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எதற்கும் ஆகாமல் போயிற்று. அதை அவரே அறுத்தெடுத்தார். எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "இனி இந்த ஊட்டுக்குள்ள ஒரு சொட்டு எறங்கக் கூடாது" என்றார்.

சேலத்தில் இருந்த ஒரு ஓட்டு டிப்போவிலிருந்து ஏஜெண்டு சைக்கிளில் வந்தார். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஒரு ஓட்டை வைத்து, அதன்மேல் ஏறி நின்று காட்டினார். கியாரண்டி என்கிற சொல்லை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகக் கேட்டேன். பத்து வருஷத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்றார் ஏஜெண்டு. பொறுப்பு என்றால் என்ன பொறுப்பு என்று என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டார். ஓடு தானாக விரிசல் விட்டால், தண்ணீர் உறிஞ்சினால், வேறு ஓடு தருவோம். ஆனால் எங்கள் ஆள் தவிர வேறு யாரும் கூரையில் ஏறி ஓட்டைத் தொடக் கூடாது என்றார் அவர். அந்தக் கடைசி விஷயம் என் வீட்டுக்காரர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

போகும்போது ஏஜெண்டு அண்ணாந்து பார்த்து, கூரையைத் தாங்குகிற இந்தப் பழைய கைமரங்கள் ஓலைக்குப் போதும், ஓட்டின் கனத்துக்குப் புது மரம் போடுவதுதான் நல்லது என்றார். அவை என் மாமனார் தன் கையாலேயே பனை அறுத்துச் செதுக்கி ஏற்றிய மரங்கள். அவர் காலமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. என் மாமியார் எழுந்து போய் ஒரு கைமரத்தின் அடியில் நின்று, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், மரம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சங்ககிரி ஸ்டேஷனிலிருந்து வைக்கோல் பொதிந்து மாட்டு வண்டியில் ஓடு வந்து இறங்கியது. உள்ளூர்த் தச்சரும் டிப்போ ஆளும் சேர்ந்து வேய்ந்தார்கள். தறிக்கு நேர் மேலே ஒரு கண்ணாடி ஓடு வைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். காலை நேரத்தில் அதன் வழியாக இறங்கும் வெளிச்சம், தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவரின் தோளில் சதுரமாக விழும். அடுப்படி வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்ப மாட்டார், ஊடை நூலோடு நாடா ஓடுகிற வேகம் மட்டும் கொஞ்சம் கூடும்.

உலகச் சண்டை வந்தது. நூல் கிடைக்காமல் போயிற்று. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது, எங்களுடையதும் நின்றது. ரோடு போடுகிற பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தெருக்காரர்கள் சிலரோடு அவரும் பேர் கொடுத்துவிட்டு வந்தார். புறப்படுகிற அன்றைக்கு வாசலில் நின்று மாமியாருக்கும் எனக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ஊடு ஒழுகுனா ஆரையும் மேல ஏத்தீராதீங்க. வேற ஆள் தொட்டா கியாரண்டி போயிரும். டிப்போவுக்குச் சொல்லியுடுங்க. இல்லாட்டி நான் வந்து பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தையை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கடுத்த மழைக்கே அடுப்படி மூலையில் ஒழுகத் தொடங்கிவிட்டது. முதலில் சுவரில் ஈரம் படர்ந்தது, பிறகு சொட்டியது. பாத்திரம் வைத்தோம். சேலத்துக்குப் போகிறவர்கள் வழியாக டிப்போவுக்குச் சொல்லியனுப்பினோம். பெட்ரோல் இல்லாத காலம்; பஸ் கரியில் ஓடியது, ஓடாத நாளே அதிகம். டிப்போவிலிருந்து யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், ஏணி இருக்கிறது, ஏறி ஓட்டைத் தள்ளிப் பார்க்கிறேன் என்று தாமாகவே வந்தார். மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"எம் பையன் சொல்லிப்போட்டுப் போயிருக்கறானுங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கும் அந்த அண்ணனை உள்ளே விட மனமில்லை. என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஓடு அவர் வைத்தபடியே இருந்தால், அவர் சொன்னபடி வருவார் என்று ஒரு நினைப்பு. இதை நான் மாமியாரிடம் சொன்னதில்லை. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஈரத் தரையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் அஸ்ஸாம் பக்கம் இருப்பதாகக் கேள்வி. மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த தபால் கார்டு நின்று போயிருந்தது. அதைப் பற்றியும் பேச மாட்டோம்.

வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் ஏஜெண்டே வந்து சேர்ந்தார். சைக்கிளில்தான். மனிதர் மிகவும் இளைத்திருந்தார். ஏணி வைத்து ஏறினார். ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உள்ளே வந்து மூலையில் வெகு நேரம் அண்ணாந்து நின்றார். பிறகு மாமியார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஓட்டுல ஒரு கொறையும் இல்லைங்க அம்மா. கைமரம் கனம் தாங்காம வளைஞ்சு போச்சு. அதுனால ஓடு வெலகி, சந்துல தண்ணி எறங்குது. கம்பெனி கியாரண்டி ஓட்டுக்கு மட்டும்தானுங்க. மரத்துக்கு இல்லை."

மாமியாருக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. வீட்டுக்குத்தானே பொறுப்பு என்றீர்கள் என்று கேட்டார். இல்லை, வேய்ந்த வேலைக்குக்கூட இல்லை, நாங்கள் விற்ற பொருளுக்கு மட்டும்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மரம் மாற்ற வேண்டுமானால் உங்கள் தச்சரை வைத்து ஓட்டைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் இருக்கிற கியாரண்டியும் போய்விடும். கியாரண்டிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட உங்கள் மகனே வந்து கேட்டாலும் இதேதான் என்றார்.

"அப்ப மழைக்கு ஆருங்க பொறுப்பு?" என்று கேட்டார் மாமியார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஏஜெண்டு மோர் குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.

அவர் போன பிறகு மாமியார் அந்த மூலையில் போய் நின்றார். ஏஜெண்டு முதல் முறை வந்த அன்று பார்த்துக்கொண்டு நின்ற அதே கைமரத்தை, கையை உயர்த்தித் தடவினார். எட்டவில்லை. முக்காலியை எடுத்துப் போட்டு ஏறி நின்று தடவினார். இறங்கி வந்து என்னிடம், "அவன் எனக்காவத்தான் இத உட்டு வெச்சான். எடுத்துரலாம் சாமி. தச்சரக் கூப்புடு" என்றார். குரல் மாறவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

தச்சர் வந்தார். கூட வேலை செய்கிற ஆட்கள் எல்லாரும் பட்டாளத்துக்கோ, பள்ளிபாளையம் பக்கம் பிழைப்புக்கோ போய்விட்டார்கள். ஓடு வாங்கி அடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். தெருவில் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது. ஓட்டின் சூடு காலைச் சுட்டதும் வெட்கம் மறந்துவிட்டது. முகட்டுக்குப் போய் நிமிர்ந்தபோது, வேலி, சோளக்காடு, அதற்கப்பால் சங்ககிரி ரோடு புழுதியோடு கிடந்தது தெரிந்தது. அவர் நடந்து போன ரோடு. கையில் ஓட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கீழேயிருந்து மாமியார், "மேல என்ன சாமி தெரியுது?" என்று கேட்டார்.

"சங்ககிரி ரோடு தெரியுதுங்க அத்தை."

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ஆராச்சும் வாராங்களா?" என்றார்.

"ஒரு வண்டி வருதுங்க. வைக்கோல் வண்டி."

"செரி" என்றார். தச்சர் உளி வேலையை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷ மழைக்கு வீடு ஒழுகவில்லை. அதற்கு அடுத்ததற்கும் ஒழுகவில்லை. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் ஆளில்லாத தறியில் விழுந்தது. நான் தறியைத் துடைத்துத் தூசி போக்கி வைப்பேன்.

சண்டை முடிந்து, மற்றவர்கள் எல்லாம் வந்த பிறகு ஒரு பகல் வேளையில் அவர் வந்தார். மலேரியாவில் கறுத்து, காது கொஞ்சம் மந்தமாகி, வாசலில் வந்து நின்றவரை மாமியார்தான் முதலில் அடையாளம் கண்டார். அழுது, தண்ணீர் வார்த்து, சோறு போட்டு, எல்லாம் ஆன பிறகு, நான் கொஞ்சம் பயத்தோடு கைமரம் மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் சொல்லைத் தட்டி ஆள் ஏற்றிவிட்டோம், கியாரண்டி போய்விட்டது என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"நானா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார்.

அவருக்கு நினைவே இல்லை. ஏஜெண்டு ஓட்டில் ஏறி நின்றதுகூட மங்கலாகத்தான் இருந்தது. நல்லதுதானே செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கூடாரத்திலும் மரத்தடியிலும் படுத்துப் பழகி, தலைக்கு மேல் கனமாக ஏதும் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராமல் போயிருந்தது. ஐப்பசி மழை பிடிக்கும்வரை வெளியில்தான் படுத்தார். மழை பிடித்ததும் தானாக உள்ளே வந்துவிட்டார்.

பிறகு நூல் கிடைத்தது, நெய்தார், எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நாடா ஓடும்போது அடுப்படியிலிருந்து வந்து நான் நின்றால், அது அவருக்குத் தெரிவதில்லை, நாடாவின் வேகமும் கூடுவதில்லை. காது மந்தம் என்று சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உலை கொதிக்கும் சத்தம் கேட்டதும் போய்விடுவேன்.