தாளில் மூத்த தம்பி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எந்த அலுவலுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். கனடாவில் மொன்றியலுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்த காலத்திலும் அது மாறவில்லை.

எண்பதுகளின் நடுவில் மட்டக்களப்பிலிருந்து தம்பி லண்டனில் போய் இறங்கியபோது அவனுக்குப் பதினைந்து வயது. ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில் இருபத்தொன்று. அகதி விசாரணைக்கு முதல்நாள் எனக்குப் போன் எடுத்து, எந்த வயதைச் சொல்வது என்று கேட்டான்.

“பாஸ்போர்ட்டில உள்ளதையே சொல்லு. மாத்தினா பொய்யன் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்றேன். அந்நாளில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன புத்தி அது.

“அப்ப அக்கா, நான் உங்களுக்கு மூப்பு. இனி அண்ணன் எண்டு கூப்பிடுங்க” என்று சிரித்தான். எனக்கு அப்போது பத்தொன்பது.

இரண்டு வருடத்தில் சிரிப்புப் போய்விட்டது. பதினாறு, பதினேழு வயதில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு பிரிட்டன் அரசாங்கம் தொழிற்பயிற்சி கொடுத்தது. அது வெறும் மலிவுக் கூலி என்று அங்கத்தைய பிள்ளைகளே முறைப்பட்டார்கள். தம்பிக்கு அதுகூட இல்லை. தாளில் அவனுக்கு இருபத்துமூன்று. கல்லூரியும் அதையே சொல்லிக் கையை விரித்தது. பெற்றோல் ஷெட்டில் வேலைக்கு நின்றான். வளர்ந்த ஆண்கள் ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்தான். இங்கே எங்கள் கியூபெக் மாகாணத்திலும் அப்போது முப்பது வயதுக்குக் கீழ் என்றால் அரசாங்க உதவிப்பணம் குறைவு. இளையவர்களைப் பற்றி முடிவெடுக்க அரசுகளுக்கு ஒரு வயதுக்கோடு போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுப்பித்து, தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் கடிதமும் எழுதி, அவனுடைய வழக்கறிஞருக்கு அனுப்பினேன். ஒரு பிழையும் இல்லாத கடிதம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பதில் தம்பிக்குப் போனது. ஒரு ஞாயிறு காலை போனில் வாசித்துக் காட்டினான். வயதைத் திருத்தலாம், ஆனால் முன்பு சொன்னது பொய் என்றாகும், அகதி வழக்கையே மறுபடி முதலிலிருந்து விசாரிப்பார்கள்.

“என்ன செய்யிற அக்கா? நீங்கதானே படிச்சவ.”

திருத்து, போய்ப் படி என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டால்? அவன் வயதுப் பெடியன்களை இராணுவம் பிடித்துப்போன செய்திதான் ஊர்க் கடிதங்களில் வந்துகொண்டிருந்தது.

“எனக்குத் தெரியேல்ல, தம்பி.”



“சரி, விடுங்க. இருபத்துமூண்டாவே இருக்கன். நாலு மணிக்கு வேலை” என்றான்.

“நேரத்துக்குப் போ, தம்பி” என்றேன்.